டெஸ்க்டொப் காரணமில்லாமல் நின்றுபோகிறதா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

"அண்ணை, சும்மா இருந்தாப்போல ஓஃப் ஆகுது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வது இவ்வளவும்தான். எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். கடையில் பூட்டி விட்டால் அதே பெட்டி இரண்டு நாள் மூச்சு விடாமல் ஓடும். திருப்பிக் கொடுத்த அன்றிரவே ஃபோன் வரும்: "அண்ணை, திரும்பவும் அதே பிரச்சினை."

அங்கே நிற்கிறது, இங்கே நிற்கவில்லை என்றால் பிழையில் ஒரு பங்கு அந்த வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. அதனால்தான் விண்டோஸை அழித்துப் போடுவதிலிருந்து நான் தொடங்குவதில்லை. வன்னியில் இது இன்னும் முக்கியம். ஒரு ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து வயல் கரையோடு நீளமாக இழுத்த லைன், அதன் கடைசி வீடு உங்களுடையது. வழியில் தோட்டத்து மோட்டர், அரிசி மில், ஒட்டு வேலை செய்கிற பட்டறை. மேலே தகரக் கூரை, கீழே செம்மண் புழுதி. மாரி தொடங்கும் முன் பின்னேரத்து இடி.

செலவில்லாத சோதனைகள் முதலில், காசு போகிற சோதனைகள் கடைசியில் என்ற ஒழுங்கில் எழுதுகிறேன். தாண்டிப் போகாதீர்கள்.

எச்சரிக்கை உண்மையில் யாரைக் குறை சொல்கிறது?

"சேர்ஜ்" என்ற சொல் திரையில் வந்தவுடன் மின்சார சபையைத் திட்டுவது வழக்கம். இரண்டு வெவ்வேறு எச்சரிக்கைகள் இந்தச் சொல்லைப் பாவிக்கின்றன. இரண்டுமே உங்கள் வீட்டுக் கம்பத்தை நேரடியாக அளப்பதில்லை.

ஒன்று, பெட்டியைப் போட்டவுடன் கறுப்புத் திரையில் வருவது: "பவர் சப்ளை சேர்ஜஸ் டிடெக்டட் டியூரிங் த ப்ரீவியஸ் பவர் ஒன்" என்று தொடங்கி, எஃப்1 அழுத்தச் சொல்லும். ஏசுஸ் மதர்போர்ட்களில் உள்ள அன்ரி சேர்ஜ் என்ற காவல் இது. சுவர்க் கரண்டை டிசியாக மாற்றிக் கொடுப்பது பெட்டிக்குள் உள்ள பவர் சப்ளை. அதிலிருந்து தனக்கு வருகிற டிசி வோல்ற்றேஜை மதர்போர்ட் பார்த்துக்கொண்டே இருக்கும். அது எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்ற நிறுத்திவிட்டு, அடுத்த முறை எழும்பும்போது முறையிடும். ஆகவே அது கைகாட்டுவது பவர் சப்ளையை. பவர் சப்ளைக்கு அப்படி ஆனது சுவரில் வந்த குழப்பத்தாலா, தன் சொந்த வயதாலா என்பது அதற்குத் தெரியாது. கரண்ட் போய் வந்த பிறகு ஒரே ஒரு தடவை வந்தால் விட்டுவிடுங்கள். கரண்ட் போகாமலே கிழமைக்கு இரண்டு தடவை வந்தால் கீழே உள்ளதெல்லாம் உங்களுக்குத்தான்.

விண்டோஸுக்கு முன் வருகிற செற்றிங் திரையான பயோஸில் மொனிற்றர் பக்கத்துக்குப் போய் அன்ரி சேர்ஜை நிறுத்திவிடு, சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எச்சரிக்கை நிற்கும்தான். நாய் குரைக்கிறதென்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் படுப்பது போன்ற வேலை அது. சென்சர் பிழையாகக் கத்துகிற மதர்போர்ட்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்து வோல்ற்றேஜ் சரியென்று கண்ட பிறகு மட்டும் நிறுத்துங்கள்.

மற்றது, விண்டோஸின் மூலையில் எழும்புகிற "பவர் சேர்ஜ் ஒன் த யூஎஸ்பி போர்ட்". இதற்கும் வீட்டுக் கரண்டுக்கும் தொடர்பில்லை. ஏதோ ஒரு யூஎஸ்பி சாமான் தனக்குரிய அளவைவிடக் கூட இழுக்கிறது, அல்லது போர்ட்டுக்குள் ஷோர்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி அம்பியர் தரலாம், 3.0 என்றால் 900. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். நான் கண்டவரையில் குற்றவாளி பெரும்பாலும் பழைய டொங்கிள், கேபிள் நசிந்த வெளி ஹார்ட் டிஸ்க், அல்லது பெட்டியின் முன்பக்கப் போர்ட்டில் நாக்கு உடைந்து உள்ளே பின்கள் ஒன்றோடொன்று முட்டியிருப்பது. முன்பக்கப் போர்ட்டின் வயரை மதர்போர்ட்டில் கழற்றி விட்டால் எச்சரிக்கை நிற்கிறதா பாருங்கள். நின்றால் வேலை முடிந்தது, மீதியை வாசிக்கத் தேவையில்லை.

ஒரு கொப்பி எடுங்கள்

ஒரு கிழமைக்கு, பெட்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், திரையில் என்ன இருந்தது, வீட்டில் அந்த நேரம் என்ன ஓடியது, எப்படி நின்றது. கடைசி விஷயத்தில் கவனம் வையுங்கள். சட்டென்று இருண்டு தானாகத் திரும்ப எழும்பியதா, இருண்டு அப்படியே கிடந்ததா, நீலத்திரை வந்ததா, அல்லது படம் உறைந்து மவுஸ் அசையாமல் நின்றதா? சட்டென்று இருண்டால் மின் பக்கம் அல்லது சூடு. நீலத்திரை என்றால் ராம், ட்ரைவர், டிஸ்க். உறைந்தால் எதுவும் இருக்கலாம், அதுதான் தலையிடி.

கூடவே விண்டோஸின் சாட்சியையும் எடுங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டத்துக்குப் போங்கள். கேர்னல் பவர் 41 என்ற சிவப்பு வரியைக் கண்டு பதறவேண்டாம். ஒழுங்காக மூடாமல் நின்றுபோனது என்பதைத்தான் அது சொல்கிறது, ஏன் என்று சொல்லாது. அதன் டீற்றெய்ல்ஸ் பகுதியில் பக்செக் கோட் 0 என்றிருந்தால் விண்டோஸுக்கு நீலத்திரை காட்டவே நேரமில்லை, கரண்ட் அறுந்தது போல் நின்றிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து நீங்கள் காணாமல் போயிருக்கிறது. பக்கத்தில் வியா லொகர் 18 என்று இருந்தால் ப்ரொசெசரே வன்பொருள் பிழையென்று கையெழுத்து வைத்திருக்கிறது என்று எடுங்கள்.

நீலத்திரை கண்ணில் படுமுன் மறைவதைத் தடுக்க, சிஸ்டம் ப்ரொப்பர்டீஸின் அட்வான்ஸ்ட் பக்கத்தில், ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரிக்குள் தானாக றீஸ்டார்ட் ஆகும் தெரிவின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஃபோனில் ஒரு படம் எடுக்க நேரம் கிடைக்கும்.

கொப்பி என்ன செய்யும் என்பதற்கு என் சொந்த மானக்கேடு ஒன்று. ஒரு ரியூசன் கொட்டிலின் பெட்டிக்குப் பவர் சப்ளை மாற்றினேன். நான்கு மாதம் ஓடி, திரும்ப நிற்கத் தொடங்கியது. ராம் மாற்றினேன், விண்டோஸ் புதிதாகப் போட்டேன். அங்கே படித்த ஒரு பிள்ளைதான் நேரம் எழுதி வைத்தாள்: ஐந்து நாளும் ஆறு மணி கழிந்து சில நிமிடம். அந்த நேரத்தில்தான் பக்கத்துக் காணியில் கிணற்று மோட்டர் போடுவார்கள். ஒரே மீற்றரிலிருந்து மெல்லிய வயரில் இழுத்த லைன். மோட்டர் ஒன்று கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தக் கணம் வோல்ற்றேஜ் குழிக்குள் விழும். நல்ல பவர் சப்ளை அந்தக் குழியைத் தாண்டும். சுவரில் கரண்ட் முற்றாக அறுந்தாலும் முழுச் சுமையில் 16, 17 மில்லிசெக்கன் தாங்க வேண்டும் என்பது டெஸ்க்டொப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் தரத்தின் நெடுநாள் கணக்கு. 50 ஹேர்ட்ஸில் ஒரு அலைக்கு 20 மில்லிசெக்கன், ஆகக் கிட்டத்தட்ட ஒரு அலை. மின்னைச் சேர்த்து வைக்கிற கப்பாசிற்றர் காய்ந்த பவர் சப்ளை அதைத் தாங்காது. புதியதைப் போட்டபோது சில மாதம் மறைந்தது ஏன், மலிவுச் சாமான் களைத்ததும் திரும்பியது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அரைப் பிழை சுவரில், அரைப் பிழை பெட்டிக்குள். இங்கே வருகிற கேஸ்களில் பல இப்படித்தான்.

சுவர்

மல்ரிமீற்றர் ஒன்று வாங்குங்கள். விலை குறைந்ததும் போதும், ஆனால் ஏசி 600 அல்லது 750 வோல்ற் அளவுக்குத் திருப்பிவிட்டுத்தான் சொக்கெற்றுக்குள் முனையை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் வயறிங் செய்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ற், 6 வீதம் கூடலாம் குறையலாம். ஏறத்தாழ 216 முதல் 244 வரை. காலையில் ஒரு தடவை, வெயில் உச்சியில் ஒரு தடவை, இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைற் எரியும்போது ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதுங்கள். இரவில் 190க்குக் கீழே விழுந்தால் வேறு எதையும் தேடத் தேவையில்லை.

அடுத்தது ஆபத்தான விஷயம். ஒரு வீட்டு லைற் மங்கி இன்னொரு வீட்டு லைற் கண்ணைப் பறிக்கிறதா? ஃபான் திடீரென்று வேகம் பிடிக்கிறதா? கம்பத்தில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற கம்பி, கழன்றிருக்கலாம். அப்போது ஒரு வீட்டுக்கு 400 வோல்ற்றுக்குக் கிட்டவும் போகும். கொம்பியூட்டரை மறந்துவிட்டு மெயின் சுவிச்சை இறக்குங்கள், 1987க்கு அழைத்து மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

பிறகு பிளக். பெட்டியின் கோட்டில் இருப்பது சதுரக் கால் 13 அம்பியர் பிளக். எங்கள் பழைய வீடுகளில் இருப்பது வட்டக் கால் 5 அம்பியர் சொக்கெற். நடுவே ஒரு அடப்ரர், அதற்கு மேல் எக்ஸ்ரென்ஷன் கோட், அதில் ஃபோன் சார்ஜர், ஃபான், ரைஸ் குக்கர். சிலர் எர்த் துளையில் பேனா மூடியைச் செருகிக் கதவைத் திறந்து இரண்டு காலை மட்டும் தள்ளிவிடுவார்கள். எர்த் போய்விட்டது. பெட்டியின் பின்பக்க இரும்பைத் தொட்டால் சுர்ரென்று கிள்ளுமே, அது இதனால்தான். பவர் சப்ளையின் உள்ளே வடிகட்டுகிற கப்பாசிற்றர்கள் பெட்டி உடம்பைக் கிட்டத்தட்ட 115 வோல்ற்றில் மிதக்க விடுகின்றன. கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் பிரின்ரர் கேபிளோ நெற்வேர்க் கேபிளோ பூட்டும்போது அதே கிள்ளல் சிப்புக்குள் போகும். அடப்ரரைச் சூடேறுகிறதா என்று தொட்டுப் பாருங்கள், கால் கருகியிருந்தால் எறியுங்கள். பெட்டிக்கென்று சுவரில் தனி 13 அம்பியர் சொக்கெற் ஒன்று போடுவது, பவர் சப்ளை வாங்குவதைவிட மலிவு.

எர்த் கம்பிக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தன் சொந்த எர்த் கம்பி மண்ணுக்குள் இறக்கப்படுகிறது. ஆடி, ஆவணியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அந்தக் கம்பியின் பிடி தளரும். மல்ரிமீற்றரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்தால் சில வோல்ற்தான் காட்ட வேண்டும். பத்துக் கணக்கில் காட்டினால் எர்த் அறுந்திருக்கலாம். சரியாகக் காட்டினாலும் எர்த் பலமென்று நம்பாதீர்கள், மீற்றர் மிகச் சிறு கரண்டில் அளப்பதால் துருப்பிடித்த இணைப்பும் தேறிவிடும். கம்பியில் கிளிப் துருப்பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் கம்பி இறக்கிய பழைய ஆட்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இடியும் திரும்பி வருகிற கரண்டும்

இடிக்குப் பாதுகாப்பு என்று விற்கிற எக்ஸ்ரென்ஷன் கோட்டுக்குள் வாரிஸ்ரர் என்ற சிறு வில்லை இருக்கும். ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவரும், சிவப்பு லைற் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அதன் வேலையில் பாதி நடக்காது. கிட்ட விழுகிற இடியை அது தடுக்காது. மின்னல் கண்டு இடி கேட்க மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று எண்ணுங்கள். முப்பது செக்கனுக்குள் கேட்டால் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிச்சை ஓஃப் பண்ணுவது போதாது. ரவுட்டருக்கு வருகிற தொலைபேசிக் கம்பியையும், ரவுட்டரிலிருந்து பெட்டிக்குப் போகிற நெற்வேர்க் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை மறந்து மதர்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள் பலர்.

கரண்ட் போவதைவிட வருவது மோசம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப் போன கரண்ட் திரும்பும்போது எல்லா வீட்டு ஃபிரிஜும் மோட்டரும் ஒன்றாக இழுக்கும், வோல்ற்றேஜ் ஏறி இறங்கும். பத்து நிமிடம் பொறுங்கள். பயோஸில் கரண்ட் வந்தவுடன் தானாக எழும்பும் தெரிவு இருந்தால் ஓஃபில் வையுங்கள்.

யூபிஎஸ்ஸையும் சந்தேகியுங்கள்

யூபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறவர்களின் பெட்டிதான் அதிகம் நிற்கிறது என்றுகூடச் சொல்வேன். சிறிய யூபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ற் 7 அம்பியர் மணி ஈயப் பற்றரிக்கு 25 பாகை செல்சியஸ் பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். தகரக் கூரைக்குக் கீழே கணக்குப் பாருங்கள். பற்றரி செத்த யூபிஎஸ், சிறு வோல்ற்றேஜ் குழியைக் கண்டவுடன் பற்றரிக்குத் தாவி அங்கே ஒன்றுமில்லாமல் பெட்டியை விழுத்தும். யூபிஎஸ் இல்லாமல் இருந்திருந்தால் பெட்டி தாங்கியிருக்கும்.

சோதனை எளிது. வேலையெல்லாம் சேமித்துவிட்டு, பெட்டி ஓடும்போது யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றுங்கள். மூன்று நிமிடம் நிற்கவில்லையென்றால் பற்றரி மாற்றுங்கள். பிறகு இரண்டு நாள் யூபிஎஸ் இல்லாமல் நேரே சுவரில் ஓட்டிக் கொப்பியில் எழுதுங்கள். லேசர் பிரின்ரரை யூபிஎஸ்ஸில் பூட்டவே வேண்டாம்.

பவர் சப்ளை

இதைத் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கப்பாசிற்றரில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும், கழற்றிய பிறகும். வெளியே இருந்தே போதியளவு அறியலாம்.

முதலில் லேபிள். "500 வற்ஸ்" என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள், 12 வோல்ற்றுக்கு எதிரே உள்ள அம்பியரைப் பாருங்கள். 14 அம்பியர் என்றால் 12 தர 14, 168 வற்ஸ். இன்றைய ப்ரொசெசரும் கிராஃபிக்ஸ் காட்டும் தின்பது அந்த 12 வோல்ற்றைத்தான். கேம் தொடங்கினால் மட்டும் நிற்கிறதென்றால் இங்கேயே விடை இருக்கலாம்.

அடுத்தது அளத்தல். மல்ரிமீற்றரை டிசி 20க்குத் திருப்புங்கள். பழைய ஹார்ட் டிஸ்குக்குப் போகிற நான்கு கால் கொன்னெக்ரரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 12 வோல்ற், சிவப்புக்கும் கறுப்புக்கும் 5 வோல்ற். ஐந்து வீதம் தள்ளலாம்: 11.4 முதல் 12.6, 4.75 முதல் 5.25. சும்மா இருக்கும்போது அளந்து பயனில்லை. கேம் ஒன்றையோ கனமான வீடியோவையோ ஓட விட்டு அளவுங்கள். 12.1இல் நின்றது 11.3க்கு இறங்கினால் அடுத்த பந்தியைத் தாண்டிக் கடைக்குப் போகலாம். திரையில் வோல்ற்றேஜ் காட்டுகிற மென்பொருள்களை இதற்கு நம்பாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியில் 12 வோல்ற்றை 8 என்று காட்டியதைக் கண்டிருக்கிறேன்.

மதர்போர்ட்டுக்குப் போகிற 24 கால் கொன்னெக்ரரைக் கழற்றி, அதில் பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால் இணைத்து ஃபான் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை பிரபலம். சுற்றாவிட்டால் பெரும்பாலும் செத்ததுதான். சுற்றினால் ஒன்றும் நிரூபணமில்லை, சுமையில்லாமல் யாரும் ஓடுவார்கள். பாவித்து இறக்குமதியான சின்ன ஒஃபிஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த 24 கால் கொன்னெக்ரரே இருக்காது, அந்தந்த மொடலுக்குரிய பவர் சப்ளைதான் பொருந்தும். வாங்குமுன் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.

பெட்டிக்குள்

பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டுத் திறவுங்கள். இங்கே நான் எடுத்த சாமான்கள்: எறும்புப் புற்று, பல்லி முட்டை, பவர் சப்ளையின் காற்றுத் துளையில் குளவியின் மண்கூடு, மதர்போர்ட்டுக்குப் பின்னால் செத்த பல்லி. கடைசியானது ஷோர்ட் ஆக்கும்.

புழுதியைப் பெயின்ற் பிரஷால் தட்டுங்கள், ஃபானை விரலால் பிடித்துக்கொண்டு. ப்ரொசெசர் ஃபானுக்கும் அலுமினியத் தகடுக்கும் இடையில் பஞ்சுபோலப் படிந்திருக்கும், அதை எடுக்க ஃபானைக் கழற்றத்தான் வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒன்றைப் போட்டுச் சூட்டைப் பாருங்கள். வேலை செய்யும்போது 80 பாகைக்குள் என்றால் பயமில்லை. 95, 100ஐத் தொட்டால் ப்ரொசெசர் முதலில் வேகம் குறைக்கும், பிறகு நிறுத்தும். தேர்மல் பேஸ்ற் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் துடைத்துப் பயறளவு புதிது வையுங்கள்.

மதர்போர்ட்டில் கப்பாசிற்றர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால் போர்ட் போகப்போகிறது.

இன்னொன்று, யாரும் பார்க்காதது: றீசெற் பட்டன். முன்பக்கத்தில் அது சிக்கினாலோ வயர் உரசினாலோ பெட்டி நினைத்தபோது றீஸ்டார்ட் ஆகும். மதர்போர்ட்டில் அந்த இரண்டு கால் வயரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். பவர் சப்ளை மாற்றச் சொல்லிக் கொண்டுவந்த பெட்டிகளை இப்படி ஒரு சதமும் செலவில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ராமைக் கழற்றித் தங்கக் கால்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் போக ஊதி, கிளிக் கேட்கும்வரை பூட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒன்றொன்றாக ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86ஐப் பென் ட்ரைவில் போட்டு இரவு முழுக்க விட்டு, ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம். பயோஸில் ராமை வழமையைவிட வேகமாக ஓட்டுகிற எக்ஸ்எம்பி தெரிவைப் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

விண்டோஸ், கடைசியாக

இவ்வளவுக்குப் பிறகும் நீலத்திரை வந்தால் மட்டும் இங்கே வாருங்கள். கிராஃபிக்ஸ் ட்ரைவரை நீக்கித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் டிஸ்க் மஞ்சள் காட்டினால் உடனே படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்துக்கு எடுங்கள், பிறகு மற்றது. கள்ள அக்டிவேட்டர் போட்ட விண்டோஸ் என்றால் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நீங்களே அறிவீர்கள்.

இதற்கும் பிடிபடாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஆனால் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். சுவரிலிருந்து பெட்டிவரை நீங்கள் பாவித்த அதே கோட், அதே அடப்ரர், அதே யூபிஎஸ், கொப்பி, எல்லாம் வரட்டும்.